கூப்பிட்டா யோசிச்சுட்டு வர்ற நாய்

"முத்து, வாடா"ன்னு கூப்பிடுறேன். வேலி ஓரத்து மேட்டுல வெள்ளையா ஒரு பஞ்சு மூட்டை மாதிரி படுத்திருக்கான், தலை திரும்பாது, இடது காது மட்டும் லேசா என் பக்கம் திரும்பும். அதாவது கேட்டுருச்சு. அப்புறம் புதர்ப் பக்கம் ஒரு பார்வை, ஆடுங்க மேயுற பக்கம் ஒரு பார்வை, கடைசியா எனக்கு ஒரு பார்வை. அங்க ஒண்ணும் இல்லன்னு அவன் மனசுக்குப் பட்டுச்சுன்னா முன்னங்கால நீட்டி சோம்பல் முறிச்சு, எந்திரிச்சு, ஆடி அசைஞ்சு வருவான். படலைன்னா வரமாட்டான், அவ்வளவுதான்.

முதல் வருஷம் இதப் பார்த்து எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. இதுக்கு முன்னாடி எங்க வீட்டுல இருந்த நாயெல்லாம் பேர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காலடியில வந்து நிக்கும். இவனுக்கு ஒரு டிரெயினர்கூட வச்சோம், அவரு ரெண்டு மாசம் பார்த்துட்டு "இதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நானும் அத நம்புனேன். எட்டு வருஷம் ஆகுது இப்ப, அந்த வார்த்தைய நம்புனதுக்கு இன்னைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

முத்து கிரேட் பைரனீஸ் ஜாதி. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல இருக்கிற பைரனீஸ் மலைதான் பூர்வீகம். ஓநாயும் கரடியும் நடமாடுன அந்த மலையில ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கிறதுக்காகவே வளர்த்த ஜாதி. ஆண் நாய் தோள் வரைக்கும் 70, 80 சென்டிமீட்டர் உயரம் வரும், எடை 45 கிலோவுக்கு மேல போகும், எங்க முத்து நல்லா இருந்த காலத்துல 51 கிலோ. துருக்கியில கங்கால், இத்தாலியில மரெம்மா, ஹங்கேரியில குவாஸ், கொமொண்டோர்னு ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு மேய்ச்சல் காட்டுக்கும் இதே வேலைக்கு ஒரு ஜாதி இருக்கு. முடி, நிறம், முகம் எல்லாம் மாறும், குணம் மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்தக் குணம் எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுக்காம இந்த நாயோட ஒரே வீட்டுல இருக்க முடியாதுங்கிறது என் அனுபவம்.

ஆடு ஓட்டுற நாய் வேற, ஆட்டுக்குக் காவல் இருக்கிற நாய் வேற. பார்டர் கோலிய எடுத்துக்கோங்க, அது ஆட்ட உத்துப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், மேய்க்கிறவர் விசில் அடிச்சா அந்த நிமிஷமே நிக்கும். அது வேட்டையாடுற புத்திதான், கடைசியில கடிச்சுக் கொல்ற கட்டத்த மட்டும் மனுஷன் தலைமுறை தலைமுறையா மழுக்கி வச்சிருக்கான். முத்து மாதிரி நாய்ங்களுக்கு அந்த உத்துப் பார்க்கிறது, பதுங்குறது எல்லாமே அடங்கிக் கிடக்கு. மந்தைக்குள்ளயே பிறந்து, ஆட்டு மேலயே சாய்ஞ்சு தூங்கி, அதுங்க வாசனையிலயே வளர்ந்து, அதுங்களத் தன் கூட்டம்னு நினைக்கிற நாய். மேய்க்கிறவர் தூங்குற நேரத்துல, அவரு பக்கத்துலயே இல்லாத நேரத்துல, இருட்டுல ஒரு சத்தம் கேட்டா எந்திரிக்கணுமா வேணாமா, குரைச்சா போதுமா போய் நிக்கணுமான்னு தானே முடிவு பண்ண வேண்டிய வேலை. விசிலுக்குக் காத்திருக்கிற நாய் அங்க ஒரு ராத்திரி தாங்காது. அப்ப, முடிவெடுக்கிறதுக்குன்னே எத்தனையோ நூறு வருஷம் பொறுக்கி எடுத்த ஒரு பிராணி, "உட்காரு"ன்னு நான் சொன்னா எதுக்குன்னு யோசிக்கத்தானே செய்யும்?

1970கள்ல அமெரிக்காவுல ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர்னு ஒரு தம்பதி இந்த நாய்ங்கள ஐரோப்பாவுல இருந்து கொண்டு வந்து, குட்டி போட வச்சு, ஆயிரத்துக்கும் மேல நாய்ங்களப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருஷக் கணக்குல கவனிச்சாங்க. நல்ல காவல் நாய்க்கு அவங்க பார்த்தது மூணே மூணு விஷயம்: மந்தைய விட்டுப் பிரியாம இருக்கணும், மந்தைக்குத் தீங்கு பண்ணக் கூடாது, ஆபத்து வந்தா குறுக்க நிக்கணும். இதுல "கூப்பிட்டா வரணும்"னு ஒண்ணு இல்ல பாருங்க. அதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி நான் வெளிய போய் அவன் பக்கத்துல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, குரைப்புக்கு வர்றேன், ஏன்னா இந்த நாய வாங்குற பல பேர் ஒரு வருஷத்துல யார்கிட்டயாவது தள்ளிவிடுறது இதனாலதான். பகல் முழுக்கத் தூங்குவான். இருட்டுனதும் ஆள் மாறிடுவான். முதல் வருஷம் என் மாமியார் "ஏம்மா, இந்த நாய்க்குத் தொண்டையே வலிக்காதா"ன்னு கேட்டுக்கிட்டே ராத்திரி பூரா புரண்டு படுப்பாங்க. நான் ஜன்னலத் திறந்து கத்துவேன். நான் கத்துனா அவன் இன்னும் சத்தமா குரைப்பான், இப்ப யோசிச்சா அவன் கணக்குல நானும் சேர்ந்து குரைச்சிருக்கேன்.

ஒரு வாரம், அப்படி என்னதான் பண்றான்னு பார்த்துருவோம்னு, ராத்திரி ராத்திரி டார்ச்ச எடுத்துக்கிட்டு அவன் பின்னாடியே நடந்தேன். முதல்ல பட்டிக்குள்ள போய் ஒவ்வொரு ஆடா மோந்து பார்ப்பான், ஒண்ணு விடமாட்டான், ஆடுங்களும் அசை போட்டுக்கிட்டே கிடக்கும், நகராது. அப்புறம் வேலி ஓரமாவே ஒரு சுத்து. மூலைக்கு மூலை நின்னு ஒண்ணுக்குப் போவான். மேட்டுல ஏறி மூக்கத் தூக்கி காத்த இழுப்பான், அந்த ஈர மூக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சு சுருங்குறது டார்ச் வெளிச்சத்துல நல்லாத் தெரியும். அப்புறம் ஆழமா, இடைவெளி விட்டு மூணு நாலு குரைப்பு. நிறுத்துவான். காது ரெண்டையும் முன்னாடி தள்ளிக் கேட்பான். பதில் எதுவும் வரலைன்னா அடுத்த மூலை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் இதே சுத்து, இதே வரிசை. நாலாவது நாள் எனக்கு உறைச்சுது, இவன் வேலி போட்டுக்கிட்டு இருக்கான். நாம கம்பி கட்டுற இடத்துல அவன் வாசனையும் சத்தமும் கட்டுறான். "இங்க நான் இருக்கேன், முழிச்சிருக்கேன், வேற இடம் பாரு"ன்னு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுறது. சண்டைங்கிறது இந்த நாய்ங்களுக்குக் கடைசிக் கட்டம். மொதல்ல குரைப்பு, அப்புறம் குறுக்க வந்து நிக்கிறது, அப்புறம் பாய்ற மாதிரி ஓடி வந்து நிறுத்துறது, அதுக்கும் எதிராளி அடங்கலைன்னாதான் பல்லு.

ஆஸ்திரேலியாவுல வார்னம்பூல் பக்கத்துல மிடில் ஐலண்ட்னு ஒரு குட்டித் தீவு இருக்கு. அலை இறங்குன நேரத்துல நரிங்க நடந்தே போய் அங்க இருந்த சின்னப் பெங்குவின்கள வேட்டையாடி, நூத்துக்கணக்குல இருந்தது 2005ல பத்துக்கும் கீழ வந்துருச்சு. 2006ல மரெம்மா நாய்ங்கள அங்க விட்டாங்க, பெங்குவின் மறுபடியும் பெருக ஆரம்பிச்சுது. அந்த நாய்ங்க அங்க நரியத் துரத்தித் துரத்திக் கொல்லல, நாய் இருக்குங்கிற வாசனையும் குரைப்பும்தான் பெரும்பாலான வேலையப் பார்த்துச்சு. நமீபியாவுல இதே முறைய சிவிங்கிப்புலிங்கிற சீட்டாவுக்காகவே பண்றாங்க, அங்க இருக்கிற சீட்டா பாதுகாப்பு நிதியம் 1994ல இருந்து பண்ணைகளுக்கு அனடோலியன் ஷெப்பர்ட், கங்கால் ஜாதி நாய்க்குட்டிங்களக் கொடுக்குது. ஆடு பத்திரமா இருந்தா பண்ணைக்காரர் சீட்டாவச் சுட மாட்டாரு. ஒரு நாய் குரைக்கிறதால ஆடும் பிழைக்குது, ஆட்டத் தின்ன வர்றதும் பிழைக்குது, எனக்கு இதுல ரொம்பவே சந்தோஷம்.

ஆனா ஒண்ணு, பக்கத்து வீட்டுச் சுவர் நம்ம சுவர ஒட்டி இருக்குன்னா தயவுசெஞ்சு இந்த ஜாதிய வாங்காதீங்க. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தரோட மனஸ்தாபம் வந்துச்சு, அவரு மேல தப்பே இல்ல, காலையில வேலைக்குப் போற மனுஷன் தூங்க வேண்டாமா? கடைசியில அவங்க வீட்டுப் பக்கம் இருக்கிற பாதி இடத்த ராத்திரியில அவன் போகாதபடி உள் வேலி போட்டு மறிச்சோம். குரைப்ப நிறுத்தல, திசைய மாத்துனோம், அவ்வளவுதான் முடிஞ்சுது. குரைப்ப நிறுத்த ஷாக் அடிக்கிற காலர் வாங்கச் சொன்னவங்க உண்டு, நான் கையில எடுத்துக்கூடப் பார்க்கல. வேலை செய்யிறதுக்குத் தண்டனை கொடுக்கிறது என்ன நியாயம்?

இன்னொரு விஷயத்த மறைக்காம சொல்லணும். பதினோரு மாசத்துல முத்து ஒரு கோழியக் கொன்னுட்டான். விளையாட்டுதான். பறந்துச்சு, துரத்துனான், ரெண்டு கையும் போட்டு அமுக்குனான், அது அசையாமப் போனதும் மூக்கால தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு பக்கத்துலயே படுத்துட்டான். நான் போய்ப் பார்க்கும்போது அவன் வாயில ஒரு துளி ரத்தம் இல்ல, இறகு மட்டும் மூக்குல ஒட்டியிருந்துச்சு. செத்த கோழிய அவன் கழுத்துல கட்டித் தொங்கவிடு, புத்தி வரும்னாங்க. என் வீட்டுக்காரர் "வேணாம், அவன் குழந்தை, தனியா விட்டது நம்ம தப்பு"ன்னு சொல்லிட்டாரு. அதுதான் உண்மை. உருவம் பெருசா இருக்கிறதால வளர்ந்துட்டான்னு நாம நினைச்சுக்கிறோம், இந்த ஜாதிக்கு முழுப் பக்குவம் வர ரெண்டு வருஷம், சிலதுக்கு அதுக்கும் மேல ஆகும். அதுக்கப்புறம் பத்து மாசம், நாங்க யாராவது கூட இருந்தாத்தான் கோழிங்க பக்கம் விடுறது, மத்த நேரம் பெரிய ஆடுங்களோட, முட்டுற ஆடுங்களோட. அந்த ஆடுங்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்த மரியாதைய எங்களால கொடுத்திருக்க முடியாது. எல்லை மீறி விளையாடுனா முட்டு ஒண்ணு விழும், ஒதுங்கி உட்கார்ந்துக்குவான். ரெண்டே கால் வயசுல ஒரு நாள் பார்க்கிறேன், கோழிக்குஞ்சுங்க அவன் முதுகு மேல ஏறி நின்னு முடியக் கொத்துது, இவன் கண்ண மூடிக்கிட்டு படுத்திருக்கான்.

அதே வருஷம்தான் எங்க ஆடு கருப்பி முதல் ஈத்துக்கு நின்னுச்சு. சாயங்காலத்துல இருந்தே முத்து சாப்பாட்டத் தொடல, பட்டிய விட்டு நகரல. ராத்திரி நான் போய்ப் பார்க்கும்போது கருப்பி மூலையில நின்னு கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு தரையக் கீறுது. முத்து கிட்டப் போனான், அது தலையக் குனிஞ்சு ஒரே முட்டு, விலா எலும்புல பட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவன் உறுமல. ரெண்டடி பின்னாடி போய் அப்படியே படுத்து, தாடைய மண்ணுல வச்சு, முகத்த வேற பக்கம் திருப்பிக்கிட்டான். "நான் உன்னப் பார்க்கல, நீ பயப்படாத"ங்கிற மாதிரி. அப்படியே ஒரு மணி நேரத்துக்கும் மேல. இடையில வெளிய ஏதோ சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போய் வாசல்ல நின்னு குரைச்சுட்டு, திரும்பி வந்து அதே இடத்துல, அதே மாதிரி. தண்ணிக்குடம் ஒடைஞ்சு முதல் குட்டி விழுந்துச்சு, கருப்பி நக்க ஆரம்பிச்சுது. ரெண்டாவது குட்டி வந்தப்ப அதுக்கு அசதி, முதல் குட்டியவே நக்கிக்கிட்டு இருக்கு, ரெண்டாவது வழுவழுன்னு சவ்வோட கிடக்கு. நான் துணி எடுக்கத் திரும்புன நேரத்துல முத்து வயித்தாலயே ஊர்ந்து, ஊர்ந்துன்னா நிஜமாவே முழங்கைய மடக்கி தரையோட தரையா ஊர்ந்து வந்து, அந்தக் குட்டி மூஞ்சிய நக்கி சவ்வ எடுத்தான். அது ஒரு தும்மல் போட்டுச்சு. கருப்பி பார்த்துச்சு, முட்டல. விடியிறதுக்குள்ள நஞ்சுக்கொடியத் தின்னு, நனைஞ்ச வைக்கோல எல்லாம் நக்கி அந்த மூலையவே சுத்தம் பண்ணிட்டான். ரத்த வாசனை இருந்தா வேட்டைக்கு வர்றதுங்க மோப்பம் பிடிச்சுரும்ல. இத அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. டிரெயினர் சொன்ன "மண்டையில ஒண்ணும் ஏறாது"ங்கிற வார்த்தை அன்னைக்குத்தான் என் மனச விட்டுப் போச்சு.

மனுஷங்க விஷயத்துலயும் அவன் கணக்கு தனி. விருந்தாளி யாராவது எங்ககூட உள்ள வந்தா மோந்து பார்த்துட்டு விட்டுருவான். அதே ஆள் ராத்திரி தனியா பின்பக்கம் போய்ட்டு திரும்பி வந்தா வழிய மறிச்சுக்கிட்டு நிப்பான், கடிக்கமாட்டான், விடவும் மாட்டான், நாங்க போய் "நம்ம ஆளுதான்டா"ன்னு அவரு தோள்ல கைய வைக்கணும். என் பையனும் அவன் சிநேகிதனும் கட்டிப் புரண்டு சண்டை விளையாடுனா நடுவுல உடம்ப நுழைச்சுப் பிரிச்சு வச்சுருவான். இது அழகா இருந்தாலும் கவனமா இருக்க வேண்டிய இடம், நம்ம குழந்தைக்கும் வந்த குழந்தைக்கும் நடக்கிற விளையாட்டு அவன் கண்ணுக்கு வேற மாதிரி தெரியலாம். அதனால பசங்க கூட்டமா வந்தா அவன் பட்டியில, நான் வெளிய, இது எங்க வீட்டுல மாறாத விதி. வாசல் கேட் விஷயமும் அப்படித்தான். திறந்து கிடந்தா போயிருவான், வீட்டப் பிடிக்காம இல்ல, எங்க வரைக்கும் காவல் இருக்கணும்கிற எல்லைய அவனே தள்ளித் தள்ளி வைப்பான், நடந்துக்கிட்டே இருப்பான். நல்ல வேலி போட வசதி இல்லன்னா இந்த நாய் வேண்டாம்.

உடம்பு விஷயம் சுருக்கமா. பின்னங்கால் ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு ஒட்டு நகம் இருக்கும், இந்த ஜாதிக்கு அது பிறவியிலேயே உண்டு, தரையில படாததால தேயாது, வெட்டாம விட்டா வளைஞ்சு சதையில குத்திரும். முடி ரெண்டு அடுக்கு, உள்ள மெத்துன்னு, வெளிய முரடா. சேறு காய்ஞ்சா தானா உதிர்ந்துரும், வாரத்துக்கு ஒரு தரம் சீவுனா போதும். வெயிலுக்கு நல்லதுன்னு நினைச்சு ஒரு தடவ மொட்டை அடிச்சுட்டோம், அதப் பண்ணவரும் தடுக்கல, தோல் வெந்து சிவந்து போச்சு, முடி பழையபடி வர ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு. அந்த முடிதான் அவனுக்கு நிழல்னு தெரியாமப் போச்சு எனக்கு. குட்டியா இருக்கும்போது சீக்கிரம் வளரட்டும்னு அள்ளிக் கொடுக்கிறது, கால்சியம் மாத்திரை போடுறது ரெண்டும் கூடாது, எலும்பு நிதானமா வளரணும். பெரிய நாய்ங்களுக்கு வயித்துல காத்து அடைச்சு வயிறே முறுக்கிக்கிற ஆபத்து உண்டு, வயிறு உப்பி, வாந்தி வர்ற மாதிரி பண்ணி ஒண்ணும் வராம தவிச்சுதுன்னா காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட ஓடணும். ஆபரேஷன்னா மயக்க மருந்தப் பத்தி முன்னாடியே பேசிருங்க, இந்த ஜாதிக்கு வெறும் எடைய வச்சு கணக்குப் போட்டா அளவு அதிகமாயிரலாம்.

பத்துல இருந்து பன்னெண்டு வருஷம்தான் இவங்க ஆயுசு. முத்துவுக்கு எட்டு முடிஞ்சுது. இடுப்பு வலி வந்துருச்சு, காலையில எந்திரிக்கும்போது பின்னங்கால் ரெண்டும் நடுங்குது, மருந்து போயிக்கிட்டு இருக்கு. போன மாசத்துல இருந்து ராத்திரி சுத்து முழுசா போறதில்ல. பட்டிக்குள்ள ஒவ்வொரு ஆடா மோந்து பார்க்கிறது மட்டும் குறையல. அப்புறம் பாதி வழியில ஒரு மரம் இருக்கு, அது வரைக்கும் நடந்து, அங்க நின்னு மிச்ச மூலைக்கெல்லாம் சேர்த்துக் குரைக்கிறான். குரல் மட்டும் அப்படியே இருக்கு. என் மாமியார் இப்பெல்லாம் படுத்துக்கிட்டே எண்ணுறாங்க, "இன்னும் ஒரு சுத்து வரலையே"ன்னு என்னை எழுப்பி அனுப்புறாங்க.

போன வாரம் என் வீட்டுக்காரர் ரெண்டு சாக்க மடிச்சு, உள்ள வைக்கோல் வச்சு தச்சு, அந்த மரத்தடியில போட்டாரு, வலிக்கிற இடுப்புக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு. ராத்திரி போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முத்து ஒரு அடி தள்ளி வெறும் மண்ணுல, காட்டப் பார்த்தபடி படுத்திருக்கான். சாக்கு மேல கருப்பி இந்த ஈத்துல போட்ட குட்டிங்க ரெண்டும் சுருண்டு தூங்குது.